ஒரு டியூப்லைட்டுக்கு ரெண்டு மூளை எதுக்குங்க?

ஏழாவது செமஸ்டர் வந்தாலே எங்க டிபார்ட்மென்ட்டில் பாதிப் பேருக்கு ஒரே ப்ராஜெக்ட்தான். ஹோம் ஆட்டோமேஷன். தப்பில்லை, நானும் அதைத்தான் செய்றேன். ஆனா "எந்த வைஃபை போர்டு வாங்கலாம்?"னு கேட்டா வர்ற பதிலைத்தான் தாங்க முடியல. "இருக்கிறதிலேயே பெருசா வாங்கு மச்சி, பின்னாடி உதவும்." மார்க் ஷீட்டைப் பார்த்து மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி, ஸ்பெக் ஷீட்டைப் பார்த்து ஃபர்ஸ்ட் ரேங்க் போர்டை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடறாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரு டியூப்லைட்டை வைஃபையில் போட்டு அணைக்க என்ன வேணும்? "ஆன்", "ஆஃப்"னு சில பைட் செய்தி. அதுவும் ஒரு நாளைக்குப் பத்து, இருபது தடவை. இஎஸ்பி8266 சிப்பில் ஒரே ஒரு கோர், 80 மெகாஹெர்ட்ஸ், நம்ம புரோகிராமுக்கு மிஞ்சுற ரேம் ஏறக்குறைய 50 கேபி. இந்த வேலைக்கு அது தாராளம். ஷாங்காய் எஸ்பிரசிஃப் கம்பெனியின் இந்தச் சிப் 2014ல் இஎஸ்பி-01ங்கிற குட்டி மாட்யூலா வெளியுலகத்துக்கு வந்தப்போ, டாக்குமென்ட் எல்லாம் சீன மொழியில்தான் இருந்துச்சு. பொழுதுபோக்கா எலக்ட்ரானிக்ஸ் பண்றவங்கதான் உட்கார்ந்து மொழிபெயர்த்து, நோண்டி, வழிக்குக் கொண்டுவந்தாங்க. ரிச்சி தெருவில் கிடைக்கிற நோட்எம்சியு போர்டில் இருக்கிறது இதே சிப்தான். 2016ல் வந்த இஎஸ்பி32க்கு ரெண்டு கோர், 240 மெகாஹெர்ட்ஸ், 520 கேபி ரேம், கூடவே ப்ளூடூத். நல்ல சிப்தான், யார் இல்லைன்னா? ஆனா டியூப்லைட் அதே டியூப்லைட்தானே.

"ஆர்டுயினோன்னு பேர் இருந்தாத்தான் ஒரிஜினல்"னு இன்னொரு கோஷ்டி. 2023ல் வந்த ஆர்டுயினோ ஊனோ ஆர்4 வைஃபையின் அறிமுக விலை 27.50 டாலர். அதில் வைஃபை வேலையைப் பார்க்கிறது யாருன்னு நினைக்கிறீங்க? எஸ்பிரசிஃப் கம்பெனியோட இஎஸ்பி32-எஸ்3 தான்! முன்வாசல் வழியா வேணாம்னு அனுப்பினவரைக் கொல்லைப்புறம் வழியா கூப்பிட்டு, கூடுதலா காசும் கொடுக்கிறது :-)

இப்ப என்னோட உண்மையான கோபத்துக்கு வர்றேன். இந்த ரேங்க் லிஸ்ட் எதிலேயும் வராத ஒரு கேள்வி இருக்கு. கரண்ட் போய்த் திரும்பி வந்த முதல் அரை செகண்டில் உங்க போர்டு என்ன செய்யும்?

சிப் எழுந்திருக்கும்போது, நம்ம புரோகிராம் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, அதோட பின்கள் தன்னிஷ்டத்துக்கு ஆடும். நோட்எம்சியுவில் டி0ன்னு அச்சடிச்ச பின் பூட் ஆகும்போது ஹை ஆயிடும். டி3, டி4ம் அப்படித்தான். போதாததுக்கு, சிப் எந்த மோடில் எழுந்திருக்கணும்னு முடிவு பண்றதிலேயே இதுங்களுக்குப் பங்கு உண்டு. அந்த நேரத்தில் டி3 லோவில் இருந்தா உங்க புரோகிராம் ஓடவே ஓடாது, யாராவது புதுசா புரோகிராம் ஏத்துவாங்கன்னு போர்டு காத்துக்கிட்டே உட்கார்ந்திருக்கும். டி8 ஹையில் இருந்தாலும் ஆட்டம் க்ளோஸ். இருக்கிறதிலேயே சாது டி1, டி2 ரெண்டும்தான்.

டியூப்லைட்டா இருந்தா ஒரு தடவை மினுக்கிட்டுப் போகட்டும். ஆனா நம்ம ஊரில் ஆட்டோமேஷன்னு சொன்னதும் வீட்டில் முதலில் கேட்கிறது லைட் இல்லை, மோட்டார். "மொபைல்லயே மோட்டார் போடுற மாதிரி செஞ்சு கொடுடா"ன்னுதான் அம்மா கேட்பாங்க. ஸ்டார்ட்டரில் பச்சை பட்டனை ஒரு தட்டு தட்டினாப் போதும், கான்டாக்டர் தன்னைத்தானே பிடிச்சுக்கும், கையை எடுத்தாலும் மோட்டார் ஓடும். கரண்ட் போனா விட்டுடும், திரும்ப வந்தா தானா ஓடாது. யாரும் பக்கத்தில் இல்லாதப்போ மோட்டார் கிளம்பிடக் கூடாதுன்னு ஸ்டார்ட்டர் செஞ்சவங்க யோசிச்சு வெச்ச ஏற்பாடு அது. நாம என்ன பண்றோம்? அந்தப் பச்சை பட்டனுக்குப் பேரலலா ஒரு ரிலேவைக் கொடுத்து, ரிலேவை டி0வில் மாட்டிடறோம். ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் வரும். போர்டு எழுந்திருக்கும். ரிலே ஒரு "டிக்". கான்டாக்டருக்கு அந்த ஒரு டிக்கே போதும். வீடே தூங்கிட்டிருக்கும்போது மோட்டார் ஓடும், டேங்க் நிரம்பி வழியும். போர்வெல்லில் தண்ணி இல்லைன்னா காயில் கருகிடும். நான் கற்பனை பண்ணிச் சொல்லல. எங்க கிளாஸில் ஒருத்தன் ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கிட்டு வந்த ரெடிமேட் கிட்டைத் திறந்து பார்த்தோம். ரிலே டி0வில்தான் இருந்துச்சு. கேட்டா, "சார், டெமோவில் நல்லா ஓடுதே"ங்கறாங்க.

இஎஸ்பி32 வாங்கிட்டா தப்பிச்சுடலாமா? அங்கேயும் 5, 14, 15 நம்பர் பின்கள் பூட் ஆகும்போது சிக்னல் விடும். 12வது பின் அந்த நேரத்தில் ஹையில் மாட்டிக்கிட்டா ஃப்ளாஷ் மெமரிக்குப் போற வோல்டேஜ் மாறிப் போய், பொதுவா போர்டே எழுந்திருக்காது. 34லிருந்து 39 வரை வெறும் இன்புட், அதில் ரிலேவை ஓட்டவே முடியாது. ராமன் ஆண்டா என்ன, ராவணன் ஆண்டா என்ன? "பெருசா வாங்கு"ன்ன மச்சி இதில் ஒண்ணையாவது சொன்னாரா?

அடுத்த கேள்வி, நெட் போனா? கடையில் விக்கிற ஸ்மார்ட் ஸ்விட்ச் பலதுக்கு, ஹாலில் உட்கார்ந்துக்கிட்டு பெட்ரூம் லைட்டைப் போட, செய்தி எங்கேயோ இருக்கிற சர்வருக்குப் போய்ட்டு வரணும். அந்த சர்வர் எத்தனை நாள் இருக்கும்? ரிவால்வ்னு ஒரு ஹப், விலை 299 டாலர். நெஸ்ட் கம்பெனி 2014ல் அதை வாங்குச்சு, 2016 மே மாதம் சேவையை நிறுத்திடுச்சு. காசு கொடுத்தவங்க கையில் வெறும் டப்பா. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் சர்வர்களும் முன்னறிவிப்பே இல்லாம படுத்துச்சு. அதனால போர்டு வாங்கும்போது கோரை எண்ணாதீங்க, நம்ம கையால் ஃபர்ம்வேர் ஏத்த முடியுமான்னு பாருங்க. ஈஎஸ்பிஹோம், டாஸ்மோட்டா ரெண்டுமே 8266ல் ஓடும், இஎஸ்பி32லயும் ஓடும். மொத்த வீட்டுக்கும் மத்தியில் ஒரு ராஸ்பெர்ரி பையோ பழைய லேப்டாப்போ ஹோம் அசிஸ்டன்ட் ஓட்டினா போதும். நெட் இல்லைன்னாலும் லைட் எரியும். ராஸ்பெர்ரி பை வீட்டுக்கு ஒண்ணுங்க, லைட்டுக்கு ஒண்ணு இல்லை.

பெரிய போர்டே வேணாம்னு சொல்ல வரல. கேமரா வைக்கணும், ப்ளூடூத் சென்சார் படிக்கணும், 2022ல் வந்த மேட்டர் ஸ்டாண்டர்டு வேணும்னா 8266 தாங்காது. புதுசா நிறைய வாங்கறவங்க இஎஸ்பி32-சி3 பாருங்க. அதுவும் ஒத்தை கோர்தான், பேரில் 32 இருக்கிறதால மச்சியும் சமாதானம் ஆயிடுவார். கதவு சென்சார் மாதிரி பேட்டரியில் ஓடறதுக்கு நோட்எம்சியு வேணாம். சிப் தூங்கும்போது 20 மைக்ரோஆம்ப்தான் இழுக்கும், ஆனா போர்டில் இருக்கிற ரெகுலேட்டரும் யுஎஸ்பி சிப்பும் தூங்காம மில்லிஆம்ப் கணக்கில் குடிச்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் இந்த போர்டெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸை மட்டும் விட்டு வெச்சுட்டு "கனெக்ட் ஆகல"ன்னு போர்டைத் திட்டாதீங்க.

மோட்டாருக்கு மாட்டறவங்க ஹை கொடுத்தா ஓடுற ரிலேவா பார்த்து வாங்கி, டி1 இல்லைன்னா டி2வில் மாட்டி, அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கே ரெசிஸ்டர் போடுங்க. ஸ்டார்ட்டர் பக்க வயரிங்கை எலக்ட்ரீஷியனை வெச்சுச் செய்யுங்க, சிவப்பு பட்டன் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். முடிச்சதும் மோட்டார் லைனைப் பிரிச்சு வெச்சுட்டு, மெயினைப் பத்து தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ரிலே ஒரு தடவை "டிக்"னு சொன்னாலும் அது இன்னும் வீட்டுக்குப் போகிற நிலைமையில் இல்லை. எக்ஸ்டர்னல் யாராவது இதைப் படிச்சா, டெமோ அன்னைக்கு நீங்களும் அந்த மெயின் ஸ்விட்சில் கொஞ்சம் கை வைங்க சார்.