அளவில்தான் இருக்கிறது உயிர்



இதயம் தாளம் தவறித் துடிப்பவர்களுக்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்துகளில் டிகாக்சின் என்ற சிறு மாத்திரையும் ஒன்று. தீவிலிருந்தும், கடலுக்கு அக்கரையில் செபராங் பிறையிலிருந்தும் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து போகும் நம் பெரியவர்கள் சிலரிடமும் இது இருக்கும்.

ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் இலை முன்பு இங்கிலாந்தில் கை வைத்தியமாக இருந்தது. வில்லியம் விதரிங் என்ற டாக்டர் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1785இல் நூல் எழுதினார். அளவு சரியாக இருந்தால் மருந்து, மீறினால் நஞ்சு என்று எச்சரித்தார். அதன் இனச்செடி ஒன்றிலிருந்து 1930இல் பிரித்தெடுத்ததே டிகாக்சின். நம் வீட்டு வாசலில் பூக்கும் அரளியின் நஞ்சும் இதே வகைதான். ஒரு மாத்திரையில் கால் மில்லிகிராமோ அதற்கும் குறைவோதான் இருக்கும். ஆகவே அளவு எத்தனை முக்கியம் என்று எண்ணிப் பாருங்கள்.

நேற்றைய மாத்திரை மறந்துவிட்டதா? இன்று இரண்டாகச் சேர்த்து விழுங்காதீர்கள். இன்றைக்கு உரியதை மட்டும் சாப்பிடுங்கள். படபடப்பு அடங்கிவிட்டதென்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இம்மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியே வெளியேறுகிறது. முதுமையாலும் சர்க்கரை நோயாலும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு, நேற்றைய மருந்து வெளியேறும் முன்பே இன்றைய மருந்தும் சேர்ந்துகொள்ளும். இரத்தப் பரிசோதனைக்கு நாள் குறித்தால் தவறாமல் போவது இதற்காகத்தான்.

இன்னொரு செய்தி. இருமலுக்கு நல்லதென்று மளிகைக் கடையிலும் சீன மருந்துக் கடையிலும் அதிமதுரம் வாங்கிக் கஷாயம் வைக்கிறோம். அதை நெடுநாள் குடித்தால் உடம்பில் பொட்டாசியம் என்ற உப்பு குறையும். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள் சிலவும் அதைக் குறைக்கும். அப்போது டிகாக்சின் வழக்கமான அளவிலேயே கெடுதல் செய்யலாம். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இரத்தத்தில் டிகாக்சினைக் கூட்டிவிடும். எனவே எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கஷாயம் குடிப்பதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

பசியின்மை, குமட்டல், தலைச்சுற்றல், காண்பதெல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிதல் ஆகியவை மருந்து மிஞ்சியதற்கு அடையாளங்களாகலாம். "வயசாச்சு, சாப்பாடு இறங்கவில்லை" என்று பாட்டி சொன்னால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். 60க்குக் குறைந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். மயக்கம் வந்தாலோ, குழந்தை மாத்திரையை விழுங்கிவிட்டாலோ தாமதிக்காமல் 999ஐ அழையுங்கள்.

எழுத்து தெரியாத பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். மாத்திரையின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் அவர்களைக் கொண்டு பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். மாத்திரையை மட்டும் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.