ஓட்டு வீட்டுக்காரர்

ஐப்பசி மழை பிறந்துவிட்டால் தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கத்து வீடுகளில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கின்றன. ஒன்று, தெருவில் தண்ணீர் தேங்குகிறது. மற்றொன்று, மாலையில் தளதளவென்றிருந்த கீரைப்பாத்தி காலையில் மொட்டையாய் நிற்கிறது. பாத்தியைச் சுற்றி வெள்ளி ஜரிகை இழுத்தாற்போல் ஒரு கோடு மினுமினுக்கிறது. அது நத்தையாரின் கையொப்பம்.

இந்தப் பெரிய ஓட்டு வீட்டுக்காரர் நம் நாட்டுப் பிரஜை அல்லர். கிழக்கு ஆப்பிரிக்கா அவருடைய பூர்வீகம். நத்தை ஆராய்ச்சியில் மோகங்கொண்ட வில்லியம் பென்ஸன் என்னும் ஆங்கிலேய உத்தியோகஸ்தர், 1847-ஆம் ஆண்டில் மொரீஷியஸ் தீவிலிருந்து இவரைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்து சௌரங்கித் தோட்டத்தில் விட்டார். 1947-ல் ஆங்கில ஆட்சி மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. அதற்குச் சரியாக நூறு வருஷம் முன்பு வந்த நத்தையோ இன்னும் போகவில்லை!

போகாததற்குக் காரணம் உண்டு. ஆண்மையும் பெண்மையும் ஒரே உடலில் அமைந்த பிராணியாதலால் ஒவ்வொன்றும் முட்டையிடும். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு என்று மண்ணுக்குள் புதைத்து வைக்கும். கோடையில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு உறங்கும். மழை வந்ததும் விழிக்கும். 500-க்கு மேற்பட்ட செடி வகைகளைத் தின்னும். ஓடு வளர்வதற்காகச் சுவரிலுள்ள சுண்ணாம்பையும் சுரண்டும்.

கோபங்கொண்ட குடும்பஸ்தர் உடனே மெட்டால்டிஹைடு என்னும் விஷ உருண்டையைத் தேடிப் போகிறார். வேண்டாம் என்போம். அதைத் தின்ற நாய் வலிப்புக் கண்டு இறந்துபோகும். தவழும் குழந்தைக்கும் அது எமன். வேலியோரத்தில் 'ஊப், ஊப்' என்று குரல் கொடுக்கும் செம்போத்து நத்தையைக் கொத்தித் தின்னும் நமது சம்பளமில்லாக் காவற்காரன். அது வாழும் தோட்டத்தில் விஷம் தூவுவது நன்றியாகாது.

நமது முதல் ஆயுதம் ஒத்துழையாமை. ஈரமான குப்பை, செங்கற் குவியல், உடைந்த தொட்டி இவற்றை அகற்றித் தங்க இடம் கொடாதிருங்கள். மாலையில் நீர் ஊற்றாமல் காலையில் ஊற்றினால் இரவில் மண் உலர்ந்திருக்கும். இரண்டாவது, கண்ணி. நனைத்த கோணிச் சாக்கின் கீழ்ப் பப்பாளி இலையையும் முட்டைக்கோஸ் இலையையும் பரப்பி வையுங்கள். விடியற்காலையில் சாக்கைத் தூக்கினால் விருந்தாளிகள் கூட்டமாய் அகப்படுவர். உப்பு நீர் வாளியில் போட்டுக் கொன்று, பிறகு குழியில் புதைத்துவிடலாம். உப்பைப் பாத்தியில் தூவாதீர்கள், மண் கெடும். ஓடில்லாத கறுப்பு நத்தைக்கும் இதே வைத்தியந்தான்.

வெறுங்கையால் மட்டும் தொடக்கூடாது. மூளையைத் தாக்கும் ஒரு நுண்புழுவை இவை சுமப்பதுண்டு. கையுறை அல்லது இடுக்கி அவசியம். குழந்தைகளை விளையாட விடவேண்டாம். கீரையை நன்றாய்க் கழுவிச் சமையுங்கள்.

"நத்தையைத் தின்னும் வேறொரு பிராணியைக் கொண்டுவந்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். ஹவாய்த் தீவில் 1955-ல் இவ்விதம் ஒரு வேட்டை நத்தையைக் குடியேற்றினார்கள். அது அத்தீவுக்கே உரிய அழகிய சிறு நத்தைகளை வேட்டையாடி, பல இனங்கள் பூண்டோடு அழியக் காரணமாயிற்று. ஒரு பென்ஸன் போதும்.

கடைசியாக ஒன்று: நத்தைக்கு மதிற்சுவர் எல்லையன்று. ஒரு வீட்டார் மட்டும் பாடுபட்டால் அடுத்த வீட்டுக் கொல்லையிலிருந்து புதுப் பட்டாளம் வரும். ஆகையால் மழைக்காலத்தில் தெருவார் அனைவரும் ஒரே நாளில் சாக்கு விரிக்கட்டும். கீரைப்பாத்திக்கும் சுயராஜ்யம் ஒற்றுமையினால்தான் வரும்.