மஞ்சள் சிலந்திக்கு வயல் மருந்து வேண்டாம்

அண்மையில் ஊத்துக்குளிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளைக்குச் சென்றிருந்தேன். கூரை மூலையிலிருந்த சிலந்திகளை அழிக்க, பயிருக்கு அடித்து மீந்த பூச்சிமருந்தைக் கைத்தெளிப்பானில் ஊற்றி வீட்டுக்குள் அடித்திருந்தார்கள். கீழே வெண்ணெய்ச் சட்டி. அருகே தொட்டிலில் குழந்தை. இப்பழக்கத்தை விவசாயிகள் அறவே கைவிட வேண்டும்.

அங்கிருந்தது மஞ்சள் பைச் சிலந்தி. உடல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாது. வெளிர்மஞ்சள் அல்லது இளம்பச்சை நிறம், தாடை நுனி கருத்திருக்கும், முன்னங்கால்கள் நீளமானவை. இரைக்காக வலை பின்னாது. பகலில் சுவர் மூலையிலும் விட்டத்திலும் நூலால் நெய்த வெண்பைக்குள் பதுங்கியிருந்து, இரவில் வேட்டையாடும்.

கடித்தால் குளவி கொட்டியதுபோல் வலித்துச் சிவந்து வீங்கும். சதை அழுகிவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உறுதிசெய்யப்பட்ட 20 கடிகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். ஒன்றில்கூடச் சதை அழுகவில்லை. கடிவாயைச் சோப்பிட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் ஒத்தடம் கொடுக்கலாம். வீக்கம் பரவினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

மருந்தால் வரும் கேடே பெரிது. டி.டி.டி., பி.எச்.சி. ஆகியவை கொழுப்பில் கரைந்து பாலிலும் வெண்ணெயிலும் தங்கிவிடுபவை. முன்னதை விவசாயத்தில் பயன்படுத்த 1989-இலும், பின்னதற்கு 1997-இலும் தடை வந்தது. இன்று கடையில் கிடைக்கும் பயிர் மருந்தும் வீட்டுக்குள் அடிக்கத்தக்கதன்று. வெண்ணெய்க்குப் பேர்போன ஊர் இதை மறக்கலாகாது. மேலும், பைக்குள் இருக்கும் சிலந்தியை மருந்து எளிதில் எட்டுவதில்லை.

வாரம் ஒருமுறை ஒட்டடைக் கோலில் ஈரத்துணி சுற்றி, பைகளை முட்டையோடு எடுத்து நசுக்கிவிடுங்கள். சுவர் வெடிப்பையும் சன்னல் இடுக்கையும் பூசி அடையுங்கள். வாசல் விளக்கு இரவெல்லாம் எரிந்தால் பூச்சி கூடும். அதைத் தேடிச் சிலந்தியும் வரும். பிசிறு வெட்டக் கொண்டுவந்த பனியன் துணிகளையும் படுக்கையையும் உதறிய பின்பே கையாளுங்கள். சோளத்தட்டுப் போரைச் சுவரையொட்டி அடுக்காதீர்கள்.

இதே இனச் சிலந்தி வயலில் இலையை மடித்துக் குடியிருந்து, தத்துப்பூச்சியையும் இளம்புழுக்களையும் தின்கிறது. மருந்தால் சிலந்திகள் அழிந்து நெல்லில் புகையான் பெருகியதைக் கண்ட இந்தோனேசிய அரசு, 1986-இல் 57 மருந்துகளை நெல்லுக்கு அடிக்கத் தடை விதித்தது. ஆகவே, வீட்டில் கண்ட சிலந்தியை ஒட்டடைக் கோலால் அகற்றுங்கள். வயலில் கண்டால் விட்டுவிடுங்கள். மீந்த மருந்தை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.