வழுக்கைத் தலையும் எண்ணெய் பாட்டிலும்

குற்றால சீசனில் அருவியில் குளித்துவிட்டு வருபவரிடம் மூலிகை எண்ணெய் விற்கலாம், தப்பில்லை. "வழுக்கையில் முடி முளைக்கும் சார்" என்று சொல்லி விற்பதுதான் தப்பு. மருந்து குணப்படுத்துவதாகச் சொல்லவே கூடாதவை என்று 1945-ம் வருட மருந்து விதிகளின் 'ஜெ' அட்டவணை போட்டிருக்கும் பட்டியலில் வழுக்கையும் உண்டு.

பரம்பரை வழுக்கையில் டிஹெச்டி ஹார்மோன் முடிவேரைச் சுருக்குகிறது. எண்ணெய் மசாஜ் அதை நிறுத்தாது.

அப்போ மைக்ரோபிக்மென்டேஷன்? தலைத்தோலில் ஊசியால் மைப்புள்ளி வைப்பது. மொட்டையடித்து ரெண்டு நாள் ஆன மாதிரி தெரியும். ஒரு முடிகூட வளராது. சில வருடத்தில் மங்கும், மறுபடி செலவு. ஆனாலும் அது வெறும் அலங்காரம் என்பது பார்த்தாலே தெரிகிறது. பாட்டில் அப்படியா?

பொண்ணு பார்க்கப் போகும் தென்காசிப் பையனின் கூச்சம்தான் இந்த வியாபாரத்துக்கு முதல். வழுக்கை குற்றமில்லை என்று வீட்டில் நாலு பேர் சொன்னால் பாதி பாட்டில் விற்காது!