தொலை மருத்துவத்தின் மறுமுனை: பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வோம்

2020 ஏப்ரல் கடைசி வாரத்தில் மட்டும், அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் இருப்பவர்களில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் வீட்டிலிருந்தபடியே மருத்துவரிடம் ஆலோசனை பெற்றார்கள். பெருந்தொற்றுக்கு முன்பு அந்த எண்ணிக்கை வாரத்துக்குச் சுமார் 13,000. அரசு விதிகளைத் தளர்த்தியது, மருத்துவர்கள் தயங்காமல் மாறிக்கொண்டார்கள், செல்போன் எல்லார் கையிலும் இருந்தது என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், ஒவ்வொரு ஆலோசனைக்குப் பின்னும் அதைக் காப்பீட்டாளரிடம் பணம் கேட்கும் கிளெய்மாக மாற்றி அனுப்பி, மறுத்தால் ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டு, வந்த பணத்தை வரவு வைக்கும் வேலை ஒன்று இருக்கிறது. அதில் கணிசமான பங்கு சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் நடக்கிறது. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்த பிறகு, அது அந்த ஊர்களின் வீடுகளுக்குள் நடந்தது.

மெடிக்கல் பில்லிங் எனப்படும் இந்த வேலை ஏதோ தட்டச்சு வேலை என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. 2020-இன் அந்த வசந்த காலத்தில் இதைச் செய்பவர்களின் மேசைக்கு என்னென்ன வந்தன என்று பார்த்தால் அந்த எண்ணம் மாறும். மார்ச் 17 அன்று, மெடிகேரை நடத்தும் அமைப்பான சி.எம்.எஸ். தொலை மருத்துவத்துக்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதாக அறிவித்தது. அப்போது தொலை ஆலோசனைக்கு, சேவை நடந்த இடத்தைக் குறிக்கும் எண்ணாக 02 என்று போட வேண்டியிருந்தது. 02 போட்டால் கட்டணம் குறையும். மருத்துவரின் கிளினிக் வாடகையும் ஊழியர் செலவும் அந்தக் கணக்கில் முழுமையாகச் சேராது. நோயாளிகள் நேரில் வராத காலத்திலும் வாடகை கொடுத்துக்கொண்டிருந்த மருத்துவருக்கு இது பெரிய இழப்பு. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மார்ச் 30 அன்று விதி மறுபடி மாறியது. நேரில் வந்திருந்தால் எந்த எண்ணைப் போடுவீர்களோ அதையே போடுங்கள், கூடவே தொலை ஆலோசனை என்பதைக் காட்டும் 95 என்ற மாடிஃபையரைச் (துணைக்குறியை) சேருங்கள் என்றார்கள். ஏப்ரல் 1 முதல் கொரோனாவுக்கென்று யு07.1 என்ற புதிய நோய்க்குறியீடு நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 30 அன்று, வெறும் தொலைபேசி ஆலோசனைக்கான கட்டணத்தை 14 முதல் 41 டாலர் என்ற அளவிலிருந்து 46 முதல் 110 டாலர் என்ற அளவுக்கு உயர்த்தினார்கள். அதுவும் மார்ச் 1 முதல் முன்தேதியிட்டு. இவை மெடிகேர் விதிகள் மட்டுமே. தனியார் காப்பீட்டு நிறுவனங்களில் ஒன்று 02-ஐயே கேட்டது, இன்னொன்று 95-ஐக் கேட்டது, வேறொன்று பழைய ஜிடி மாடிஃபையரை விடவில்லை.

ஒரு எண் தவறினால் என்ன ஆகும்? மருத்துவருக்குப் பணம் வராது, அல்லது குறைத்து வரும். அதைவிட என் மனத்தை உறுத்துவது நோயாளியின் நிலை. கொரோனா பரிசோதனை தொடர்பான ஆலோசனைக்கு நோயாளி தன் பங்குத் தொகையைக் கட்ட வேண்டாம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் அந்த மார்ச்சிலேயே சட்டம் இயற்றியது. ஆனால் அந்தச் சலுகை கிடைக்க, மெடிகேர் கிளெய்மில் சிஎஸ் என்ற இரண்டு எழுத்தை யாராவது சேர்க்க வேண்டியிருந்தது. சேர்க்க மறந்தால், வேலை போய் வீட்டில் முடங்கியிருக்கும் ஒருவருக்குக் கட்டத் தேவையில்லாத பில் தபாலில் போகும். அந்த இரண்டு எழுத்தைச் சேர்க்கும் பொறுப்பு, தாம்பரத்திலோ ஸ்ரீரங்கத்திலோ ஒற்றைப் படுக்கையறை வீட்டின் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கையில் இருந்தது.

அலுவலகத்தில் இந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தளத்துக்குள் செல்போன் கூடாது, பேனாவும் காகிதமும்கூடப் பல இடங்களில் கூடாது. திரையில் தெரிவது ஒருவரின் பெயர், பிறந்த தேதி, நோய். அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் அந்த விவரங்களைக் காக்கும் கடமையை மருத்துவரோடு நிறுத்தாமல் அவருக்காக வேலை செய்யும் நிறுவனத்தின் மீதும் வைக்கிறது. ஊரடங்குக்குச் சில நாட்கள் முன்பே இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான நிபந்தனைகளைத் தளர்த்தியிருந்தது. ஊரடங்கு வந்ததும் டெஸ்க்டாப்புகள் வீடுகளுக்கு ஏற்றிச் செல்லப்பட்டன. காவலாளியும் கேமராவும் செய்த காவலை வீட்டார் செய்ய வேண்டியதாயிற்று. மருமகள் இரவு எட்டு மணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனியோடு பேசும்போது மாமியார் டிவியை நிறுத்தினார். பிள்ளைகள் அடுத்த அறைக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த அறை இல்லாத வீடுகளில் அப்பா அவர்களை மொட்டை மாடிக்கு அழைத்துப்போனார். காப்பீட்டு நிறுவனங்களை அழைத்து நிலுவைப் பணத்தைக் கேட்கும் ஏ.ஆர். காலராக இருப்பவர்கள் அமெரிக்காவின் பகல் நேரத்தில்தான் பேச முடியும். அந்நாட்டின் கிழக்குக் கரையில் காலை எட்டு மணி என்றால் கோடைக்காலத்தில் நமக்கு மாலை ஐந்தரை. அங்கே அலுவலகம் மூடும்வரை இங்கே வீடு முழுக்கக் குரலைத் தாழ்த்திப் பேசியது. ஒரு குடும்பம் முழுக்க ஊதியம் இல்லாமல் அந்த வேலையில் பங்கெடுத்திருக்கிறது. இதை எந்த ஒப்பந்தமும் எழுதி வைக்கவில்லை.

2021 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று 35,000-ஐத் தாண்டிய நாட்கள் அவை. ஆக்சிஜன் படுக்கை கிடைக்குமா என்று உறவினர்களுக்குப் போன் செய்துகொண்டே, வேறு நாட்டு முதியவரின் ஆலோசனைக்குப் பணம் கேட்டு இன்னொரு போனில் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். லட்சக்கணக்கானோர் வருமானம் இழந்த நேரத்தில் வேலை நிலைத்ததே பெரிது என்று அவர்கள் எதையும் கேட்கவில்லை. அதனாலேயே அவர்களுக்குக் கேட்க எதுவும் இல்லை என்று நாம் முடிவுகட்டிவிடக் கூடாது.

உடனே பில்லிங் கம்பெனிகளின் மீது பழியைப் போடுவது எளிது. ஆனால் நியாயம் அவ்வளவு எளிதாக இல்லை. இந்தத் தொழிலில் கட்டணம் பெரும்பாலும் வசூலில் இத்தனை சதவீதம் என்ற கணக்கில் ஓடுகிறது. 2020 ஏப்ரலில் அமெரிக்கக் கிளினிக்குகளுக்கு நேரில் வருவோர் சரிந்தபோது கிளினிக்கின் வருமானம் சரிந்தது; அதனால் அங்குள்ள பில்லிங் நிறுவனத்தின் பங்கு சரிந்தது; அதனிடம் துணை ஒப்பந்தம் எடுத்த, இருபது முப்பது பேர் வேலை செய்யும் சென்னை நிறுவனத்தின் வரவும் சரிந்தது. கடைசிப் படியில் நின்றவர் சம்பளக் குறைப்பையும் சொந்தச் செலவில் இணைய இணைப்பையும் யு.பி.எஸ். பேட்டரியையும் ஏற்றுக்கொண்டார். அவருக்குக் கீழே இறக்கிவிட யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தன் பாரத்தைக் கீழ்ப்படிக்கு இறக்கும் இந்த ஏற்பாட்டில் தனியாக ஒரு வில்லனைத் தேடிப் பயனில்லை. எல்லாரும் சேர்ந்து மாற்ற வேண்டிய ஏற்பாடு இது.

எனவே அமெரிக்க மருத்துவர்களிடமிருந்தே தொடங்குவோம். ஆலோசனை வீடியோவிலா, குரலில் மட்டுமா, எத்தனை நிமிடம், நோயாளியின் சம்மதம் பெறப்பட்டதா என்பதைக் குறிப்பில் எழுதாமல் விட்டால், அதற்காகத் திருப்பிக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பது இங்குள்ளவர். கிளெய்மை அனுப்ப வேண்டிய கெடு மெடிகேருக்கு ஓராண்டு. தனியார் நிறுவனங்களில் 90 நாள் கெடு வைத்திருப்பவையும் உண்டு. ஒரு நிமிடத்தில் எழுதக்கூடிய குறிப்பு இல்லாமல் ஒரு கிளெய்ம் செத்துப்போவது யாருக்கும் நன்மையல்ல. காப்பீட்டு நிறுவனங்கள் நெருக்கடிக் காலத்துக்காவது ஒரே குறியீட்டு விதிக்கு உடன்படலாம். அவை தமக்குள் வேறுபடுவதால் எந்த நோயாளிக்கும் கூடுதல் மருத்துவம் கிடைத்துவிடவில்லை.

நம் நிறுவனங்களுக்கும் செய்ய வேண்டியது இருக்கிறது. துல்லியம் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று குவாலிட்டி மதிப்பெண் போடும் வழக்கம் இத்துறையில் பரவலானது. விதி மாறிய வாரத்தில் வந்த தவறுகளை அந்தக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். மாறிய விதியைக் கற்க சம்பளத்தோடு நேரம் தர வேண்டும். கணினி, இணையம், மின்சாரம் ஆகியவற்றின் செலவு நிறுவனத்தின் கணக்கில் ஏற வேண்டும். ஊழியர்களுக்கும் விலக்கு இல்லை. அவசரத்துக்குத் திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்பது, தன் கடவுச்சொல்லில் தம்பியை உட்கார வைப்பது போன்றவற்றை இலக்கு நெருக்கடி என்று சொல்லி நியாயப்படுத்த முடியாது. அந்தத் திரையில் இருப்பது ஒருவர் தன் மருத்துவரிடம் மட்டும் சொன்ன விஷயம்.

இது அமெரிக்காவின் கவலை, நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2020 மார்ச் 25 அன்று இந்தியாவும் தன் தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஏப்ரலில் வந்த மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொலை வெளிநோயாளர் சேவை இலவசமானது, அதில் பில்லுக்கு இடமில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூனில், பாலிசி விதிகளின்படி ஆலோசனைக்குக் காப்பீடு உள்ள இடங்களில் தொலை மருத்துவத்தையும் ஏற்குமாறு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நாளை நம் பெற்றோரின் வீடியோ ஆலோசனைக்கான கிளெய்மையும் இப்படி ஒரு மேசையில் ஒருவர் பார்ப்பார்.

கிளெய்ம் என்ற இந்தக் கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்பதைக் காணத் தொற்றுகூடத் தேவையில்லை. 2024 பிப்ரவரியில், கிளெய்ம்களைக் காப்பீட்டாளர்களுக்குக் கொண்டுசேர்க்கும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலில் கிளெய்ம் அனுப்பும் வழி முடங்கியபோது, அமெரிக்காவில் பல சிறு கிளினிக்குகள் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கத் திணறின. பாரத்தைப் பங்கிடுவது பற்றி நெருக்கடி முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் பேச்சே நடப்பதில்லை. 2023 மே 11 அன்று அமெரிக்கா பொதுச் சுகாதார அவசரநிலையை முடித்துக்கொண்ட பிறகும் நடக்கவில்லை. ஆகவே இப்போது புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு சேவை ஒப்பந்தத்திலும் ஒரு பிரிவு சேர வேண்டும். வசூல் குறைந்தாலும் நெருக்கடி மாதங்களில் குறையாத ஒரு குறைந்தபட்சக் கட்டணம், வீட்டு வேலைக்கான கருவிச் செலவு யாருடையது, தரவுக் காவலுக்கு எந்தக் கருவி யார் தருவது ஆகியவை அதில் எழுத்தில் இருக்கட்டும். தமிழகத் தொழிலாளர் துறையும் இத்துறை நிறுவனங்களும் ஊழியர் சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து அதன் மாதிரி வரைவைத் தயாரிக்கலாம். கிளினிக்குகளிடம் அதை எடுத்துச் செல்லும்போது சிறு நிறுவனங்கள் தனித்தனியாகப் போக வேண்டாம், சேர்ந்தே போகட்டும்.