கோட்டையைக் கட்டியது யார்? வரியைக் கட்டியது யார்?

இந்த ராஜா இந்தக் கோட்டையைக் கட்டினான், அந்த ராஜா அதைப் பிடித்தான் என்றுதான் சரித்திரப் புத்தகங்கள் நமக்குச் சொல்லித் தருகின்றன. எந்த ராஜா கல் சுமந்தான்? எந்த ராஜா கையில் மண்வெட்டி பிடித்தான்? இந்தக் கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால், உழைத்தவன் பெயர் மண்ணோடு மண்ணாய்ப் போகும். உட்கார்ந்து தின்றவன் பெயர் கல்லில் நிற்கும்.

பிரெஞ்சு தேசத்தை 1643 முதல் 1715 வரை ஆண்ட பதினான்காம் லூயியை எடுத்துக்கொள்வோம். கோட்டை பிடிப்பதில் மகா சூரன் என்று அவனைப் புகழ்வார்கள். அந்தச் சூரத்தனத்துக்குப் பின்னால் இருந்த மூளை, வோபான் என்ற இன்ஜினீயருடையது. 1633ல் பிறந்தவர், பெரிய சொத்தில்லாத சிறு பிரபுக் குடும்பம். சுமார் ஐம்பது முற்றுகைகளை நடத்தியவர். நூற்றுக்கணக்கான கோட்டைகளைக் கட்டியும் திருத்தியும் கொடுத்தவர்.

பீரங்கி வந்த பிறகு உயரமான மதில் உதவாமல் போயிற்று. உயர்ந்த சுவர் குண்டுக்கு நல்ல இலக்கு. ஆகவே மதிலைத் தாழ்த்தி, அகலமாக்கி, உள்ளே மண்ணை நிரப்பினார்கள். மூலைக்கு மூலை கூர்முனையாகக் கொத்தளங்கள் எழுந்தன. ஒரு கொத்தளத்தின் அடிவாரத்தை அடுத்த கொத்தளத்திலிருந்து சுட்டுக் காக்கலாம். சுற்றிலும் ஆழமான அகழி. இதெல்லாம் படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் இத்தனை மண்ணும் தானாக நடந்து வரவில்லை. வெட்டியவன் விவசாயி, சுமந்தவன் சிப்பாய்.

பிடிப்பதும் அப்படியே. 1673ல் மாஸ்ட்ரிக்ட் நகர முற்றுகையில் வோபான் ஒரு புது முறையைக் கையாண்டார். மதிலுக்கு இணையாக, எட்டத்தில் ஒரு நீண்ட பதுங்கு குழி. அதிலிருந்து வளைந்து வளைந்து முன்னேறி இரண்டாவது குழி. பிறகு மதிலின் காலடியில் மூன்றாவது. பதின்மூன்றே நாட்களில் நகரம் பணிந்தது. லூயி, தான் குதிரைமேல் வெற்றி வீரனாய் வீற்றிருப்பதாகப் படம் எழுதிக்கொண்டான்!

குழி வெட்டியவன் படத்தில் உண்டா? முதல் ஆள் மண்டியிட்டு, மண் நிரப்பிய கூடைகளின் மறைவில் ஒன்றரை அடி வெட்டுவான். பின்னால் வருகிற மூவர் அதை ஆழமாக்கி அகலமாக்குவார்கள். வெட்டிய நீளத்துக்குத் தக்க கூலி. மதிலை நெருங்க நெருங்கக் கூலி விகிதம் ஏறும். ஏன் ஏறியது? எஜமானின் மனம் இளகியதாலா? இல்லை, சாவு நெருங்கியதால்! வீண் உயிர்ச்சேதத்தைக் குறைக்க வேண்டுமென்று வோபான் பாடுபட்டது உண்மை. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்த யுத்தங்கள் யாருக்காக நடந்தன?

ஆலைத் தொழிலாளர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளில் எத்தனை தள்ளுவண்டி மண்ணை எவ்வளவு தூரம் தள்ள முடியும் என்று வோபான் கணக்கெடுத்தார். ஒப்பந்தக்காரர்கள் கொடுக்க வேண்டிய கூலியை அதன்படி வகுத்தார். வேலை அளவு, பீஸ் ரேட் என்று இன்று நாம் மல்லுக்கட்டுகிற விவகாரம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கோட்டை வேலையில் தொடங்கிவிட்டது. குறைந்த தொகைக்குக் கேட்பவனுக்கே வேலையைக் கொடுக்கும் முறையால் வேலை கெடுகிறது, நாணயமற்றவர்களே வந்து சேர்கிறார்கள் என்று 1683ல் யுத்த மந்திரி லூவ்வாவுக்கு அவர் கடிதம் எழுதினார்.

சமாதான காலத்திலாவது சிப்பாய்க்கு ஓய்வு கிடைத்ததா? 1685ல் வெர்சேல்ஸ் அரண்மனை நீரூற்றுகளுக்காக, தொலைவிலுள்ள ஆற்று நீரைக் கொண்டுவர மேந்தனோன் என்ற ஊரில் பிரம்மாண்டமான பாலம் கட்டத் தொடங்கினார்கள். அதிலும் வோபான் இருந்தார். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட சிப்பாய்கள் சதுப்பு நிலத்தில் இறக்கப்பட்டார்கள். காய்ச்சலில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். 1688ல் யுத்தம் மூண்டது; வேலை நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் அரண்மனைக்குப் போகவில்லை. அரைகுறை வளைவுகள் இன்றும் நிற்கின்றன.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? நிலவரி, உப்பு வரி என்று குடிசையிலிருந்து வந்தது. பிரபுக்களுக்கும் பாதிரிமாருக்கும் நிலவரியிலிருந்து விலக்கு! 1693-94 பஞ்சத்தில் பத்து லட்சத்துக்கும் அதிகமான ஜனங்கள் மாண்டார்கள். நாடெங்கும் சுற்றிய வோபான் இதைக் கண்ணால் கண்டார். வெஸலே வட்டாரத்து ஏழைகள் தவிடு நீக்காத பார்லி, ஓட்ஸ் ரொட்டியைத் தின்கிறார்கள், வருஷத்துக்கு மூன்று முறைகூட மாமிசம் காண்பதில்லை என்று 1696ல் எழுதிவைத்தார். பிறகு தேசம் முழுவதற்கும் கணக்குப் போட்டார். பத்தில் ஒரு பங்கு ஜனங்கள் பிச்சை எடுக்கிறார்கள். ஐந்து பங்கு பிச்சை போட வக்கில்லாதவர்கள். மூன்று பங்கு கடனிலும் வழக்கிலும் சிக்கியவர்கள். மிஞ்சிய ஒரு பங்கிலும் உண்மையாகவே வசதி படைத்தவை பத்தாயிரம் குடும்பங்கள்கூட இல்லை!

பரிகாரமும் சொன்னார். பழைய வரிகளை ஒழியுங்கள். பிரபுவோ, பாதிரியோ, யாராயிருந்தாலும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் வரி கட்டட்டும் என்றார். அனுமதியின்றி அச்சிட்ட அந்தப் புத்தகத்தை 1707 பிப்ரவரியில் ராஜாவின் சபை தடை செய்தது. மார்ச் 30ல் வோபான் காலமானார். கோட்டை கட்டிக் கொடுத்தவரைக் கொண்டாடியவர்கள், யார் வரி கட்டுகிறார்கள் என்று அவர் கேட்டவுடன் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ராஜா மட்டும் அந்த நல்ல யோசனையைக் கேட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சில பண்டிதர்கள் அங்கலாய்க்கிறார்கள். இது ஏமாற்றுப் பேச்சு! விஷயம் தெரியாமலா ராஜா மறுத்தான்? தெரிந்தே மறுத்தான். பிரபுக்களின் சலுகைமேல்தான் அவன் சிம்மாசனம் நின்றது. வோபானின் குறை இங்கேதான். கோட்டைக்குள் நுழையும் வழியெல்லாம் அறிந்த அவர், நியாயத்துக்கு மட்டும் ராஜாவின் வாசலில் மனுவோடு நின்றார்.

ஜனங்கள் மனுவோடு நிற்கவில்லை. 82 ஆண்டுகள் கழித்து, 1789 ஜூலை 14ல், பாரிஸ் நகரத்துத் தச்சர்களும் பூட்டு வேலைக்காரர்களும் செருப்புத் தைப்பவர்களும் பாஸ்டில் கோட்டையை வளைத்தார்கள். ராஜாவின் சிப்பாய்களில் ஒரு பகுதி பீரங்கிகளோடு அவர்கள் பக்கம் வந்தது. முற்றுகையிட்டவர்களில் சுமார் நூறு பேர் உயிர் கொடுத்தார்கள். உள்ளேயிருந்த சிப்பாய்களும் போரைத் தொடர விரும்பவில்லை. கோட்டை அன்றே விழுந்தது! மூன்று வாரத்தில், ஆகஸ்ட் 4 இரவு, பிரபுக்களின் வரிச் சலுகை ஒழிந்ததாக அறிவிக்க நேர்ந்தது. ஒரு புத்தகத்துக்கு இறங்காதவர்கள் ஜனங்களின் ஒற்றுமைக்கு இறங்கினார்கள்.

1808ல் நெப்போலியன் வோபானின் இருதயத்தைப் பாரிஸில் மரியாதையோடு வைத்தான். 2008ல் அவருடைய கோட்டைகளில் 12 இடங்களை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நல்லது, பாதுகாக்கட்டும். ஆனால் அந்த மதில்களைக் காட்டி யாராவது ராஜாவின் பெருமை பேசினால், நாம் விடக்கூடாது. கோட்டையைக் கட்டியதும் உழைப்பாளி. அதற்கு வரியைக் கட்டியதும் அவனே. உள்ளே பத்திரமாக இருந்தவன் எதைக் கட்டினான் என்று கேட்போம்!