அம்மாவின் மூச்சுக்கு யார் பொறுப்பு?

மலேசியாவில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரியவந்தவர்களில் பாதிப் பேர் 6.8 மாதத்துக்குள் இறந்துபோகிறார்கள். ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் 11 விழுக்காடு. நான் ஆத்திரத்தில் அள்ளிவிடும் எண்கள் அல்ல இவை. 2007 முதல் 2011 வரை நோய் கண்டறியப்பட்டவர்களை 2016 வரை பின்தொடர்ந்து, தேசியப் புற்றுநோய்க் கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் உள்ளவை. அதே ஆய்வில் மார்பகப் புற்றுநோய்க்கு 66.8 விழுக்காடு. எல்லாவற்றிலும் அடிமட்டத்தில் கிடப்பது எங்கள் அம்மாவின் நோய்.

அம்மா போன பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. இருப்பதே கொஞ்ச மாதம். அந்தக் கொஞ்சத்தையும் அவரிடமிருந்து பிடுங்கியது யார்?

அம்மா சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. ஆனால் மூவார் பக்கத்துக் கிளினிக்கிலிருந்து ஜோகூர் பாருவின் பெரிய மருத்துவமனை வரை, போகிற இடமெல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: சிகரெட் பிடிப்பாரா? இல்லை என்றால் நம்பாத ஒரு பார்வை. மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தோட்டத்துப் பெண்ணை, ஏதோ தவறு செய்துவிட்டு மறைப்பவரைப் போலப் பார்த்தார்கள். அம்மா அந்தப் பார்வைக்குக் கூனிக்குறுகினார். நோயைவிட அதுதான் என்னை முதலில் கொன்றது.

என்ன வேலை செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். வயதுக்கு வருமுன்பே பால்மரம் வெட்டப் போனவர். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்தவர். விடிவதற்குள் பெரட்டுக்கு நிற்பார். வெயில் ஏறும்போது பம்பிலிருந்து ஒழுகிய மருந்து சட்டையை நனைத்து முதுகில் ஒட்டியிருக்கும். கையுறையும் முகமூடியும் கிராணியின் பதிவேட்டில் இருந்தன. அம்மாவின் கையிலும் முகத்திலும் இல்லை. அந்த மருந்துகளில் ஒன்று பாராகுவாட். உடம்புக்குள் போனால் நுரையீரலைத் தேடிப் போய்த் தங்கும் நஞ்சு. 2002-இல் அரசாங்கம் அதை நிறுத்தப் போவதாகச் சொன்னது. 2006-இல் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதி. அதற்குள் அம்மா பம்பை இறக்கிவைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த மருந்தால்தான் புற்றுநோய் வந்தது என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார், நானும் அப்படிச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் நுரையீரலைப் பார்க்கிறவர் அந்த நுரையீரல் முப்பது வருடம் எதைச் சுவாசித்தது என்று கேட்க வேண்டாமா?

2013 ஜூன் மாதத்தை மூவாரில் இருந்த யாரும் மறக்க முடியாது. சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை எங்கள் தலைமேல் வந்து இறங்கியது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300-ஐத் தாண்டினாலே ஆபத்து. 23-ஆம் தேதி மூவாரில் அது 746-ஐத் தொட்டது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்கள், பள்ளிகளை மூடினார்கள். பழுத்த குலை யாருக்காகவும் மரத்தில் காத்திருக்காது. துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு அம்மா உதிர்ந்த பழம் பொறுக்கப் போனார். அதே வருடம் அக்டோபரில், வெளிக்காற்றின் மாசு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. அந்தச் செய்தி எங்கள் லயத்துக்கு வந்து சேரவே இல்லை.

அப்பா சிகரெட் பிடித்தார், உண்மைதான். ஒரே அறை, ஒரே ஜன்னல், நாள் முழுக்க சிகரெட் புகை. அப்பாவைத் திட்டித் தீர்த்துவிட்டு நான் ஓய்ந்துவிடலாம். ஆனால் 2007 முதல் பிறந்த பிள்ளைகள் கையில் சிகரெட்டே போய்ச் சேரக்கூடாது என்று 2022-இல் நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்த விதியை, 2023 நவம்பரில் சட்டம் நிறைவேறும்போது எடுத்துவிட்டார்களே, அவர்களை யார் திட்டுவது? அதே வருடம் மார்ச் 31-ஆம் தேதி, வேப்பில் ஊற்றும் நிகோடின் திரவத்தை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்தும் தூக்கினார்கள். நாளைக்கு எத்தனை வீட்டில் எத்தனை அம்மாக்கள் இருமப் போகிறார்களோ.

அம்மாவுக்கு இருமல்தான் முதலில் வந்தது. கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்தார்கள். பிறகு ஆன்டிபயாடிக். இன்னொரு கிளினிக்கில் ஆஸ்துமா என்று பம்பு கொடுத்தார்கள். பிறகு டிபியாக இருக்கலாம் என்று சளி எடுத்தார்கள். இல்லை என்று வந்தது. அதோடு விட்டுவிட்டார்கள். நெஞ்சில் நீர் கோத்து, நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியாமல் போன பிறகுதான் ஒருவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நான்காம் கட்டம். எங்கள் துரதிர்ஷ்டம் என்று நினைத்தேன். இல்லை. இந்த நாட்டில் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு நடப்பதைத் தலையெழுத்து என்று சொல்லாதீர்கள். தைவானில் 2022 ஜூலை முதல், அதிகம் புகைப்பவர்களுக்கு மட்டுமல்ல, குடும்பத்தில் இந்த நோய் இருந்தவர்களுக்கும் அரசுச் செலவில் குறைந்த கதிர்வீச்சு ஸ்கேன் எடுக்கிறார்கள். சிகரெட் தொடாத பெண்ணுக்கும் இந்த நோய் வரும் என்று அங்கே ஓர் அரசாங்கம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மருந்து இல்லாமல் இல்லை. அதைச் சொல்லும்போதுதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அம்மாவின் கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் இருந்தது. புகை பிடிக்காத ஆசியப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது. அதற்கென்றே மாத்திரை உண்டு. ஒசிமெர்டினிப்பை முதல் மருந்தாக எடுத்தவர்களில் பாதிப் பேர் 38.6 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள் என்று பல நாடுகளில் நடந்த ஆய்வு காட்டியது. அந்த மாத்திரையைச் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு மாத மாத்திரைக்கு என் மூன்று மாதச் சம்பளம். தாலிக்கொடி போனது, தம்பியின் மோட்டார் போனது. வாங்கிக் கொடுத்த மாதங்களில் அம்மா படியேறினார், உட்கார்ந்து ரசம் வைத்தார், அத்தையோடு சண்டைகூடப் போட்டார். பிறகு காசு தீர்ந்தது. மாத்திரையும் தீர்ந்தது. மருந்து கேட்காமல் போயிருந்தால் அழுதுவிட்டு ஆறியிருப்பேன். கேட்டுக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தினோம். எந்தக் கோயிலில் போய் நான் இதைச் சொல்லி அழுவது?

2017 செப்டம்பரில் இதே நாட்டு அரசாங்கம், ஹெப்பாடிடிஸ் சி நோய்க்கான சொஃபொஸ்புவிர் மருந்துக்குக் காப்புரிமை இருந்தும், மலிவான மருந்தை அரசாங்கப் பயன்பாட்டுக்கு வாங்க உரிமம் கொடுத்தது. 2003-இல் எச்.ஐ.வி. மருந்துகளுக்கும் அப்படிச் செய்தது. கையில் அதிகாரம் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்திய அனுபவமும் இருக்கிறது. நுரையீரல் நோயாளிக்கு மட்டும் ஏன் கை வரவில்லை?

சரி, உயிரைத்தான் நீட்டித் தர முடியவில்லை. இருந்த நாளையாவது வலியில்லாமல் வாழவிட்டிருக்கலாமே. அம்மா படுத்துத் தூங்கி எத்தனையோ வாரம் ஆனது. படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இரவைக் கழிப்பார். முதுகெலும்புக்குப் பரவிய பிறகு சாயவும் முடியவில்லை. அந்த உடம்போடு மூவாரிலிருந்து ஜோகூர் பாருவுக்கு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அங்கே நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து, டாக்டரைப் பார்க்கும் சில நிமிடத்தில் ஸ்கேன் படத்தைப் பற்றித்தான் பேச்சு. கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று சொன்னார்கள். இராத்திரி தூங்கினீர்களா, என்ன சாப்பிட முடிகிறது, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்கவில்லை. டாக்டர் நல்லவர்தான். வெளியே அத்தனை பேர் காத்திருந்தால் அவர்தான் என்ன செய்வார்?

வலி தணிக்கும் பிரிவுக்கு அம்மாவை அனுப்பியது கடைசியில், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொன்ன அன்று. அங்கே இருந்த மிஸ்ஸி ஒருவர்தான் முதன்முதலாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே வலிக்கிறது அம்மா என்று தமிழில் கேட்டார். மார்பின் திரவம் கொடுத்தார்கள். அது சாகப் போகிறவர்களுக்குக் கொடுப்பது என்று உறவினர்கள் பதறினார்கள். அன்று இரவு அம்மா தூங்கினார். இத்தனை மாதம் இந்த மருந்து எங்கே இருந்தது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. நோய் தெரிந்த உடனேயே வலி தணிக்கும் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள், மனச்சோர்வு குறைந்தது, நடுக்கணக்கில் 11.6 மாதம் வாழ்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 8.9 மாதம். வலியைக் கேட்டுத் தீர்த்ததே ஆயுளையும் கூட்டியிருக்கிறது. மலேசியாவும் 2019 முதல் 2030 வரைக்கும் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று தேசியக் கொள்கை ஒன்றை எழுதி வைத்திருக்கிறது. எழுதியவர்கள் ஒருமுறை தோட்டத்துப் பக்கம் வந்து பாருங்கள். கொள்கை இன்னும் நெடுஞ்சாலையைவிட்டு இறங்கவில்லை.

சுகாதார அமைச்சைக் கேட்கிறேன். நோய் உறுதியான அன்றே வலி தணிக்கும் பிரிவுக்கும் சீட்டு எழுதுங்கள். மரபணு மாற்றம் உள்ளவருக்கு மாத்திரையை அரசாங்கமே கொடுக்கட்டும். விலை இறங்காவிட்டால் 2017-இல் செய்ததைத் திரும்பச் செய்யுங்கள். தோட்டத்தில் மருந்து அடித்தவர்களைத் தேடிப் போய்ப் பரிசோதியுங்கள். அவர்கள் பெயரெல்லாம் பழைய செக்ரோலில் இருக்கிறது.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, உங்கள் வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எக்ஸ்ரே எடுக்கச் சீட்டு எழுதித் தரும்வரை அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.